முறைப்பாடு வராத வீடுகள்

லண்டனில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி சபையின், தனியார் வாடகை வீட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். என்ன வேலை என்று ஊர்ச் சனம் கேட்டால் "வீடு பார்க்கிற வேலை" என்பேன். உடனே, நல்ல வாடகை வீடு ஏதும் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள்.

சட்டத்தில் எங்களுக்கு அதிகாரம் குறைவில்லை. 2004ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டத்தின் கீழ் வீட்டிலுள்ள ஆபத்துகளை 29 வகையாகப் பிரித்துப் பார்க்கிறோம்: ஈரமும் பூஞ்சணமும், கடுங்குளிர், இடநெருக்கடி, தீ, படியில் விழுதல் என்று அது நீளும். ஒவ்வொன்றின் கடுமைக்கும் புள்ளி போடுவோம். அது 1,000ஐத் தொட்டால் முதலாம் தர ஆபத்து. அதன்பிறகு கவுன்சில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது, நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும். திருத்த வேலை நோட்டீஸ் கொடுக்கலாம். அறையைப் பாவிக்கக்கூடாதென்று தடை போடலாம். உடனடி ஆபத்தென்றால் நாங்களே ஆள் விட்டுத் திருத்திவிட்டுச் செலவை வீட்டுக்காரரிடம் அறவிடலாம். 2017 முதல் சில குற்றங்களுக்கு நீதிமன்றம் போகாமலே 30,000 பவுண்ட் வரை தண்டம் விதிக்கவும் முடிந்தது.

இவ்வளவும் இருந்தும், யாராவது முறைப்பாடு செய்தால்தான் பெரும்பாலும் எங்களுக்கு வேலை தொடங்கும். எங்கட சனம் முறைப்பாடு செய்யாது. வீட்டுக்காரர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார், அல்லது சித்தப்பாவின் சிநேகிதர். வங்கிக் கணக்கு விபரம், வேலைக் கடிதம் ஒன்றும் கேட்காமல் சாவி தந்தவர். அந்த நன்றிக்கு முன்னால் எந்தச் சட்டமும் எடுபடாது.

ஒரு வீட்டுக்குப் போனதே பிள்ளையின் இளைப்புக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் கடிதம் எழுதியபடியால்தான். அப்போது பரிசோதனைக்குப் போகுமுன் குடியிருப்பவருக்கு மட்டுமல்ல, உரிமையாளருக்கும் 24 மணித்தியால அறிவித்தல் கொடுக்கவேண்டியிருந்தது. அதனால் அவர் எனக்கு முன்னரே வந்து குசினியில் நின்றார்.

"தம்பி, நீங்களும் எங்கட ஆள்தானே. இவை ஜன்னல் திறக்கிறேல்லை. மூண்டு நேரமும் சமையல். பிறகு சுவர் கறுக்காமல் என்ன செய்யும்?"

"எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை" என்றார் அந்தத் தாய், அவரைப் பார்த்தபடியே. அலுமாரியை இழுத்துப் பார்த்தேன். வெளிச்சுவர் மூலை கூரையிலிருந்து தரைவரை கறுத்துப்போயிருந்தது. அதே மூலைக்கு வெளியே பீலி உடைந்து, மழைத்தண்ணீர் செங்கல்லில் வழிந்த பச்சைத் தடம். கறிச்சட்டியின் ஆவி பீலியை உடைக்காது. குளியலறைக் காற்றாடியின் சுவிட்சுக்கு மேலே பசைநாடா ஒட்டியிருந்தது. கரண்ட் செலவாம்.

2020இல் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை பூஞ்சணத்தால் இறந்த கதையிலும் குடும்பத்தின் வாழ்க்கை முறையில்தான் பழி போடப்பட்டது. அது தனியார் வீடுமல்ல, குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் வீட்டுச் சங்கம் ஒன்றின் வீடு.

புள்ளி போடும் முறையில் எனக்குப் பிடித்த விஷயம், பூஞ்சணத்தை 14 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளை வைத்தே கணக்கிடுவது. தாய் பிரச்சினை இல்லை என்று சொன்னாலும் புள்ளி குறையாது.

நோட்டீஸ் கொடுத்தேன். "கடிதம் ஒன்று போட்டு சுமுகமாக முடித்திருக்கலாமே" என்று கந்தோரிலேயே சிலர் சொன்னார்கள். எனக்கு இந்தச் சுமுகத்தில் நம்பிக்கையில்லை. அப்போதிருந்த 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருத்த வேலை நோட்டீஸ் கொடுத்தால் ஆறு மாதத்துக்குக் காரணம் சொல்லாமல் ஆளை எழுப்ப முடியாமல் இருந்தது. கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. நாங்கள் பண்பாக நடந்துகொள்வதன் விலையைக் குடியிருப்பவர்தான் கொடுப்பார்.

முறைப்பாட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால்தான் எனக்கு லைசன்ஸ் முறையில் பற்று. கிழக்கு லண்டனின் நியூஹாம் கவுன்சில் 2013இல் ஏறக்குறைய முழு நகரப்பகுதிக்கும் அதைக் கொண்டுவந்தது: வாடகைக்கு விடும் வீடென்றால் லைசன்ஸ் வேண்டும். கதவைத் தட்டியதும் வீட்டுக்காரரின் முதல் கேள்வி "ஆர் சொன்னது?" என்பதுதான். லைசன்ஸ் உள்ள இடத்தில் "ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா, உங்கட தெரு முழுக்க லிஸ்டில இருக்கு" என்று பதில் சொல்லலாம். அது பொய்யுமில்லை.

எல்லாம் நல்லபடி முடிவதில்லை. பலர் பங்கிட்டு இருக்கும் ஒரு வீட்டின் கூரையறையை, சுவருக்குச் சுவர் அளந்து ஒன்பது சதுர மீற்றர் என்றார் உரிமையாளர். கூரை 1.5 மீற்றருக்குக் கீழே சரியும் பகுதி கணக்கில் வராது. மிஞ்சியது ஆறைக்கூடத் தொடவில்லை. ஒருவர் படுக்கக் குறைந்தது 6.51 வேண்டும். அறையை மூடவேண்டி வந்தது. அங்கே படுத்த பெடியன் அதைவிட நல்ல இடத்துக்குத்தான் போனான் என்று என்னால் சொல்ல முடியாது.

2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் எழுப்பும் நோட்டீஸே இல்லை. தண்டமும் 40,000 பவுண்ட் வரை போகலாம். பூஞ்சண வீட்டுக்காரர் பீலியை மாற்றி, புதுக் காற்றாடி பூட்டி, பிறகு வாடகையைக் கூட்டினார். வாடகை எவ்வளவு என்று சொல்லும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை. அதிகமென்று நினைத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கவேண்டியவர், பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொன்ன அதே தாய்.