பாலைவனத்துக்கு ஆள் பார்த்த கதை

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஏஜென்டை நம்பி சேலத்திலிருந்து ராஜஸ்தானில் இருக்கும் ஜெய்சல்மேர் போனோம். 'மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி, நாடோடி முகாமில் ஓர் இரவு' என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். போய் இறங்கினால் சாம் மணல்மேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக வரிசையாக டென்ட், நடுவில் மேடை, எங்கள் முகாமில் ஒரு பாட்டு, அடுத்த முகாமில் வேறொரு பாட்டு, எல்லாப் பக்கமும் ஃபோகஸ் லைட். சவாரி இருபது நிமிடம்தான். படுக்கும்போது அம்மா, "ஒரு நட்சத்திரம்கூடத் தெரியலையே கண்ணு" என்றார்.

அது மனதில் தைத்துவிட்டது. சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் தாத்தா காட்டில் அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போட வருவார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர்கள் மூட்டிய தீயருகே உட்கார்ந்து வளர்ந்தவர் அம்மா, நாடோடி முகாம் என்றதும் அவர் எதிர்பார்த்தது அதைத்தான்.

அதனால் இந்த ஜனவரியில் மறுபடி கிளம்பினோம், ஆனால் ஆளைப் பார்த்துப் பேசி. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், தார் பாலைவனம் முழுக்க மணல்மேடு கிடையாது. ஜெய்சல்மேரைச் சுற்றிப் பெரும்பாலும் கல்லும் புதரும்தான், மணல்மேடு அங்கங்கேதான். சாம் மேற்கே சுமார் 40 கிலோமீட்டர், மேடுகள் பெரிது, கூட்டமும் பெரிது. குரி தென்மேற்கே, ஏறக்குறைய அதே தூரம், மண்வீடுகள் உள்ள கிராமம், மேடுகள் கொஞ்சம் சின்னவை. நாங்கள் குரி என்று முடிவு செய்து நான்கு பேருக்கு போன் போட்டோம். டென்டில் என்ன வசதி என்று நான் கேட்கவில்லை. மணலில் எத்தனை மணி நேரம் இருப்போம், ஸ்பீக்கர் உண்டா, முட்டி வலி உள்ளவருக்கு ஒட்டக வண்டி கிடைக்குமா, ஒட்டகம் யாருடையது? இந்தக் கடைசிக் கேள்விக்கு மூன்று பேர் மழுப்பினார்கள். ராஜஸ்தானில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் மூன்றேகால் லட்சமாக இருந்த ஒட்டகம் 2019இல் இரண்டு லட்சத்துச் சொச்சமாகிவிட்டது. வளர்க்கிறவர் கைக்கே பணம் போகாவிட்டால் அவர் எதற்கு வளர்ப்பார்?

நான்காமவர் தன் இரண்டு ஒட்டகங்களின் பெயரையும் வயதையும் சொன்னார். நாடோடி முகாம் பற்றிக் கேட்டதற்கு, "நாங்க ஊர்க்காரங்க, நாடோடி இல்ல. ராய்க்கான்னு மேய்ச்சக்காரங்க இருக்காங்க, ஆடும் ஒட்டகமும் ஓட்டிக்கிட்டுப் போவாங்க, வழியில பார்த்தா உண்டு, ஏற்பாடு பண்ணிக் காட்ட முடியாது" என்றார். அப்போதே அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன்.

ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், நாம் முன்னால் சரிவோம், அதனால் பின்னுக்குச் சாய்ந்து சேணத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மா வண்டியில் வந்தார். இரவு சாணி எருவில் சுட்ட கம்பு ரொட்டி, தொட்டுக்கொள்ள கேர், சாங்கரி என்ற இரண்டு பாலைவனக் காய்களைச் சேர்த்துச் செய்த கேர் சாங்கரி. சாங்கரி எந்த மரத்துக் காய் என்று காட்டினார்கள், நம் சிவன் கோயில்களில் நிற்கும் அதே வன்னி! அம்மா மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் வெகுநேரம் மல்லாந்து படுத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம் எடுத்துப் போங்கள், ஜனவரியில் விடியற்காலை மணலில் கால் வைத்தால் கிணற்றுத் தண்ணீரில் வைத்தது போலச் சில்லென்று ஏறுகிறது.

விடிவதற்குள் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கிடை வாசம் அடிக்குது கண்ணு." கொஞ்ச நேரத்தில் மணிச்சத்தம், சிவப்புத் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குக் கீழே போனார். அம்மா செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போய், எத்தனை உருப்படி என்று தமிழிலேயே கேட்டார். அவர் ஏதோ சொன்னார், எங்கள் ஆள் மொழிபெயர்த்தார்: இருநூற்றுச் சொச்சம், பாதி குட்டி.