சங்கத்துப் பால் கணக்கும் எம்.சி.ஏ. மாணவர்களும்

எம்.சி.ஏ. வகுப்புக்கு மென்பொருள் பொறியியல் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தொடக்க ஆண்டுகளில் தேவைகளைத் திரட்டுதல், வடிவமைத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல், பராமரித்தல் என்று கரும்பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து, நடுவே அம்புக்குறி போட்டுப் பாடத்தை முடித்துவிடுவேன். மாணவர்களும் அதைத் தேர்வுத்தாளில் அப்படியே வரைந்து மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் இறுதிப் பருவத்தில் ப்ராஜெக்ட் என்று வந்தபோது, அவர்களில் பலர் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த வருகைப்பதிவு நிரலையோ நூலக நிரலையோ அட்டை போட்டுக் கொண்டுவந்து நின்றார்கள். இதை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் வராது. அப்படி ஒருவர் எங்குமே இல்லை என்பதுதான் காரணம்.

மென்பொருள் பொறியியல் என்ற பெயர் பரவலானது 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோவின் ஆதரவில் கூடிய மாநாட்டுக்குப் பிறகுதான். பெரிய கணினித் திட்டங்கள் காலம் தாழ்ந்தும் செலவு மிஞ்சியும் போய்க்கொண்டிருந்த கவலைதான் அந்த அறிஞர்களை ஒன்றுகூட்டியது. கவலையில் பிறந்த இந்தத் துறையைக் கவலையே இல்லாத ஒரு வகுப்பறைக்குள் கற்பிக்க முடியாது என்பதைப் பிற்காலத்தில் சில பேராசிரியர்கள் செய்தே காட்டினார்கள். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் தொடங்கிய முதுநிலைப் படிப்பில், ஸ்டூடியோ என்ற பெயரில் மாணவர் குழுக்கள் வெளியிலுள்ள வாடிக்கையாளர்களுக்காக நெடுங்காலத் திட்டங்களில் உழைத்தன. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேரி போயம், 1990-களின் நடுவில் தம் முதுநிலை மாணவர்களைக் குழு குழுவாகப் பிரித்து, அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்தினரையே வாடிக்கையாளர்களாக ஆக்கினார். அதைப் படித்த பிறகுதான் நம் வாடிக்கையாளரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது.

எங்கள் கல்லூரிக்குப் பக்கத்து ஊரில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதன் கணக்கை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றித் தர முடியுமா என்று அதன் செயலாளர் முன்பே ஒருமுறை கேட்டிருந்தார். ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை அனுப்பினேன். அவர்கள் ஒருநாள் பிற்பகலில் போய், செயலாளரிடம் ஒரு மணி நேரம் பேசி, குறிப்பெடுத்து வந்து, அழகான ஒரு திரையை வடிவமைத்தார்கள். உறுப்பினரின் பெயரைத் தட்டச்சு செய்தால் அவருடைய படம் தெரியும். மௌசால் சொடுக்கிப் பாலின் அளவை நிரப்பலாம். காலை ஐந்தரை மணிக்குப் பால் ஊற்றும் நேரத்தில் போய் நின்று பார்க்காமல் இதற்கு மதிப்பெண் தர மாட்டேன் என்று சொன்னேன்.

போனார்கள். அங்கே யாரும் பெயரைச் சொல்லவில்லை. வரிசையில் வந்தவர்கள் தங்கள் உறுப்பினர் எண்ணைச் சொன்னார்கள். சிலர் எண்ணைக்கூடச் சொல்லாமல் கேனை நீட்டினார்கள், எழுதுகிறவருக்கே தெரிந்திருந்தது. அவருடைய கை பாலும் தண்ணீருமாக ஈரமாக இருந்ததால் மௌசைத் தொடும் பேச்சுக்கே இடமில்லை. மாமியார் பெயரில் இருந்த கணக்கில் மருமகள் பால் ஊற்றினார். படத்தை ஒப்பிட்டு ஆளைச் சரிபார்க்கும் வசதியைப் பெருமையாகச் சேர்த்திருந்த மாணவர், மறுநாளே அதை நீக்கினார். புதிய திரையில் எண் விசைகளும் என்டர் விசையும் மட்டுமே போதும் என்றாயிற்று.

இதைவிடப் பெரிய பாடம் பைசாவில் இருந்தது. பாலின் அளவையும் கொழுப்பு அளவையும் பார்த்து விலை போட்டு, ஒவ்வொரு வேளைத் தொகையையும் பத்து பைசாவின் மடங்காகத் திருத்தித் துண்டுச்சீட்டில் எழுதித் தருவது அந்தச் சங்கத்தின் பழக்கம். மாணவர்களின் நிரலோ பத்து நாள் கணக்கையும் துல்லியமாகக் கூட்டி, பட்டுவாடாவின்போது மொத்தத் தொகையை ஒரே ஒருமுறை திருத்தியது. முதல் சோதனையில் சிலருக்கு 40 பைசா, சிலருக்கு 60 பைசா வேறுபட்டது. தங்கள் கணக்கே சரி என்று குழுத்தலைவி தாளில் போட்டுக் காட்டினார். கணித முறைப்படி அது சரியும்கூட. செயலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க மிசினு சொல்றது சரியாவே இருக்கட்டுங்க கண்ணு. ஆனா அவங்க கையில இருக்கற சீட்டைக் கூட்டிப் பாத்தா அந்தத் தொகைதான வரோணும்?" என்று கேட்டார். தேவை என்றால் என்னவென்று நான் ஒரு பருவம் முழுக்க விளக்கியதை அவர் ஒரே கேள்வியில் புரியவைத்துவிட்டார்.

குழுவுக்குள்ளும் சிக்கல்கள் எழுந்தன. ஐந்து பேர் என்றால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள பத்து இணைப்புகள். ஏழு பேர் என்றால் அது 21. தாமதமான திட்டத்தில் ஆளைக் கூட்டினால் அது மேலும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதியதை நான் பாடமாகச் சொல்லியிருந்தும், கெடு நெருங்கியபோது இன்னும் இரண்டு பேரைத் தாருங்கள் என்றுதான் என்னிடம் கேட்டார்கள். நான் தரவில்லை. அதற்குப் பதிலாக, எந்தெந்த வசதிகளை இப்போது விட்டுவிடலாம் என்று செயலாளரிடமே கேட்டு வரச் சொன்னேன். பாதி வசதிகள் அவருக்குத் தேவையே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

இந்த முறையில் எனக்கு இன்னும் ஓயாத கவலை ஒன்று உண்டு. 2020-21 முதல் எம்.சி.ஏ. இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. மாணவர்கள் வேகமாக வந்து வேகமாகப் போகிறார்கள். கல்லூரிக்குப் பருவம் முடியலாம், பால் சங்கத்துக்கு முடியாது. மே மாதம் மாணவர்கள் வேலைக்குப் போன பிறகு ஜூன் மாதத்தில் நிரல் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? உண்மையான ஒருவரின் பிழைப்போடு தொடர்புடைய வேலையை எடுத்துக்கொண்டு, மதிப்பெண் வந்ததும் கைகழுவுவது பொறியியல் ஆகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே, நிரலை ஒப்படைத்த பிறகு சங்கத்தில் அது ஒரு மாதம் தடையின்றி ஓடினால்தான் அகமதிப்பீட்டில் முழு மதிப்பெண் என்று வைத்தேன். அடுத்த ஆண்டுக் குழுவின் முதல் வேலை புதிதாக எழுதுவதாக இல்லாமல், பழையதைப் பராமரிப்பதாக இருக்கும்படி மாற்றினேன். யாரோ எழுதிய நிரலைப் படிக்கச் சொன்னபோது மாணவர்கள் முகம் சுளித்தார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளில் அவர்கள் கைக்கு வரப்போவதும் அதுவேதான்.

இந்த ஆண்டுக் குழு மூன்று வாரம் அந்த நிரலைப் படித்தது. தொகையைத் திருத்தும் பகுதிக்கு மேலே பழைய குழுத்தலைவி ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: "இது தவறு போலத் தெரியும். மாற்ற வேண்டாம். சீட்டோடு ஒத்துப்போக வேண்டும்." அதைப் படித்த மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, என்ன சீட்டு என்று கேட்டார். நாளைக் காலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள் என்றேன்.