ஒகேனக்கல் பரிசலும் உப்பு போட்ட டீயும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கலுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. இந்த முறை அக்கா மகனும் கூட வந்தான். பதினொன்றாம் வகுப்பு. நீர்வரத்து குறைவு, அதனால் பரிசல் ஓடியது.

பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது, "அண்ணா, இந்தத் தண்ணி எங்க போகும்?" என்றான். "மேட்டூரு, அப்புறம் பூம்புகாரு. கடல்ல கலந்துடும் தம்பி" என்றபடி பரிசல்காரர் துடுப்பை வளைத்துப் போட்டார். பரிசல் தட்டாமாலை சுற்றியது, கூடவே என் வயிறும்.

கரையேறி, மீன் வறுவலை ஒரு கை பார்த்தபிறகு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆத்துத் தண்ணி கடல்ல உடனே கலக்காதுடா, மேலயே மிதக்கும்" என்றேன். நம்பவில்லை. டீக்கடையில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, பால் ஊற்றாத டீயை ஸ்பூன் ஸ்பூனாக மேலே விட்டேன். மேலே பழுப்பு, கீழே தெளிவு, நடுவில் கோடு போட்ட மாதிரி.

"மாமா, டீ சூடா இருக்கு. அதான் மிதக்குது, உப்பால இல்ல."

சரியான கேள்வி. சூடான தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். நான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். இப்போது திருப்பிப் போட்டோம். சுடச்சுட டீயில் ஒரு ஸ்பூன் உப்பு, கிளாஸில் வெறும் பச்சைத் தண்ணீர். ஓரமாக விட்டதும் டீ கறுப்பு நூல் போல இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சூட்டை உப்பு ஜெயித்துவிட்டது.

வங்காள விரிகுடாவின் வடபகுதியில் குளிர்காலத்தில் நடப்பது ஏறக்குறைய இந்த இரண்டாவது கிளாஸ்தான். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேலே பரவிக் கிடக்கிறது. அது குளிர்ந்தாலும், கீழே இருக்கும் வெதுவெதுப்பான உப்புநீரைத் தாண்டி இறங்க முடிவதில்லை. இந்த மூடியால் வீசும் காற்று கடல்நீரை ஆழம்வரை கலக்க முடியாமல் வெயிலின் சூடும் மேலேயே தங்கிவிடுகிறது. வங்கக் கடல் புயல்களுக்குத் தீனி போடுவதில் இதற்கும் பங்குண்டு. காவிரியின் பங்கு இதில் சொற்பம்தான். பெரும்பாலும் வயல்களிலேயே தீர்ந்துவிடுகிறது.

வட அட்லாண்டிக்கில் கதை வேறு. தெற்கிலிருந்து வரும் உப்பு மிகுந்த நீர் கிரீன்லாந்துப் பக்கம் குளிர்காற்றில் சூட்டை இழந்து, கிலோமீட்டர் கணக்கில் ஆழத்துக்கு இறங்கி, அடியோட்டமாகத் தெற்கே நகர்கிறது. அண்டார்க்டிகா ஓரத்தில் கடல் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிடுவதால், மிச்சநீர் இன்னும் கனமாகிக் கடலின் அடித்தளத்துக்கே போகிறது. இந்தச் சுற்று ஒருமுறை முடிய ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிடிக்கும். இத்தனைக்கும் சராசரிக் கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம்தான் உப்பு. எங்கள் தெரு போர் தண்ணீரைக் குடித்த அக்கா மகன், இன்னும் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தான்.

கடைக்காரர் இரண்டு கிளாஸையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "குடிக்கலைன்னாலும் ரெண்டு டீதான் சார்" என்று காசு வாங்கிக்கொண்டார்.