முதுகைப் பார்த்து வரைந்த 43 பேர்

பிளஸ் டூ வகுப்பில் எனக்குக் கடைசி பெஞ்ச். உயரம் அதிகம் என்பதால் ஆறாம் வகுப்பிலிருந்தே அந்த இடம்தான். அதனால் கூடப் படிப்பவர்களின் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். யார் தூங்குகிறார்கள், யார் மடியில் வைத்துக் கடலை மிட்டாய் பிரிக்கிறார்கள், யாருக்குக் கணக்குப் புரியவில்லை என்பதெல்லாம் முதுகிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் பள்ளியில் கடைசி மாதம் ஸ்லாம் புக் சுற்றும். அக்கா படித்து முடித்தபோது வாங்கிய ஸ்லாம் புக் வீட்டில் இருக்கிறது. அதை அரையாண்டு விடுமுறையில் எடுத்துப் படித்தேன். பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, கடைசியில் 'என்றும் மறவாதே' என்று ஒரு வரி. முப்பது பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். படித்து முடித்த பிறகு ஒருவர்கூட என் கண்முன் வரவில்லை. "இது யாருக்கா?" என்று ஒரு பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியலடி" என்றாள். கூடவே இரண்டு வருடம் படித்தவர்.

அன்றைக்கே முடிவு செய்தேன். எங்கள் வகுப்பில் 42 பேர், பெண்கள் 23, பையன்கள் 19. ஆளுக்கு ஒரு பக்கம். மேலே படம், கீழே ஆறு வரி. படித்தால் சிரிப்பு வர வேண்டும், யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவருக்கும் வர வேண்டும். 2025 ஜனவரி 2 அன்று பள்ளி திறந்தது. பொதுத்தேர்வு மார்ச் 3. நடுவில் பொங்கல், திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு. இவற்றுக்கு இடையில்தான் நேரம் கண்டுபிடிக்க வேண்டும். (யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை.)

ஜனவரி, முதல் வாரம்

ஐந்து முகம் வரைந்தேன். ஐந்தும் அக்கா தங்கை போல இருந்தன. எங்கள் ஓவிய ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் முகங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நோட்டின் ஓரத்தில், வகுப்பு நடக்கும்போது சும்மா கிறுக்கிய ஒரு முதுகைத் தொட்டு, "இது அந்த தவில்காரப் பையன்தானே?" என்றார். ஆமாம், அவனேதான். முகமே இல்லாமல் சாருக்கு எப்படித் தெரிந்தது?

மறுநாள் அவர் ஒரு பழைய ஃபைலைக் கொண்டுவந்தார். உள்ளே கோபுலு படங்கள், பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டியவை. கோபுலு எங்கள் பக்கத்துக்காரர். 1924இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, ஆனந்த விகடனுக்குப் போனவர். வசனமே இல்லாமல் நகைச்சுவைப் படம் போடுவார். அந்த ஃபைலில் ஒவ்வொரு படத்திலும் ஒருவர் குனிவதும், துண்டை உதறுவதும், எட்டிப் பார்ப்பதும்தான் சிரிப்பைக் கொண்டுவந்தன. சார் சொன்னது ஒன்றுதான்: "மூக்கைப் பார்க்காதம்மா, ஆள் என்ன பண்றான்னு பாரு."

சரி, முகம் வேண்டாம். இரண்டு வருடமாக என் கண்முன்னால் இருப்பதையே வரையலாம்.

ஜனவரி, பொங்கலுக்கு முன்

பையன்கள் பக்கம் சுலபமாக வந்தது. ஒருவனுக்குக் காலர் எப்போதும் பாதி மடங்கியிருக்கும், இன்னொருவன் பேனாவைக் காதில் செருகியிருப்பான். பெண்கள் பக்கம்தான் திணறினேன். எல்லோருக்கும் இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பன். பின்னாலிருந்து பார்த்தால் 22 பேரும் ஒரே அச்சு.

மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்த பிறகுதான் வித்தியாசம் பிடிபட்டது. காலையில் எல்லாப் பின்னலும் ஒன்றுதான், மதியத்துக்கு மேல் வேறாகிவிடுகின்றன. கணக்குப் பாடவேளையில் இடது பின்னலை மட்டும் இழுத்துக்கொண்டே யோசிப்பவளுக்கு இரண்டு மணிக்கு இடது ரிப்பன் வலதைவிட ஒரு சாண் கீழே தொங்கும். வீட்டு வேலியில் டிசம்பர் பூ பூக்கிறவள், காலையில் தன் தலையில் முழம் பூவோடு வருவாள். முதல் இடைவேளையில் அது எட்டாகப் பிரிந்து எட்டுத் தலைகளில் இருக்கும், அவள் தலையில் வெறும் ஊக்குதான் மிஞ்சும். அவளுடைய பக்கத்தில் அவளை வரையவில்லை. எட்டுப் பின்னல்களையும் எட்டுத் துண்டு பூவையும், ஓரமாக ஒரு ஊக்கையும் வரைந்தேன். கீழே எழுதியது: 'இவள் பூ வைத்துக்கொண்டு வந்ததை வாட்ச்மேன் தாத்தா மட்டுமே பார்த்திருக்கிறார்.'

அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு அவளைத் தெரியாது. படித்துவிட்டுச் சிரித்து, "எங்க கிளாஸ்லயும் ஒருத்தி இப்படி இருந்தா" என்று அரைமணி நேரம் அவளைப் பற்றியே பேசினார். அதன்பிறகு எல்லாப் பக்கத்தையும் முதலில் அம்மாவிடம்தான் காட்டினேன். ஆளைத் தெரியாதவருக்கும் ஆள் தெரிந்தால் அந்தப் பக்கம் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பொங்கலுக்குப் பின், தப்பாகப் போன பக்கம்

இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். முதல் பெஞ்சில் ஓரத்தில் உட்காருபவள் எங்கள் வகுப்பிலேயே குள்ளம். அவளுக்கு நான் வரைந்தது ஒரு பெஞ்ச், அதன்மேல் ஒரு புத்தகப்பை, அவ்வளவுதான். 'பின்னாலிருந்து பார்த்தால் பை மட்டும் பள்ளிக்கு வந்தது போல இருக்கும்' என்று எழுதினேன். மதிய சாப்பாட்டின்போது படித்துக் காட்டியதும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் வந்தாள். கோபமெல்லாம் இல்லை. "இதைத் தவிர என்னைப் பத்தி உனக்கு வேற ஒண்ணும் தெரியலையாடி?" என்று கேட்டாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அவளைப் பற்றி அந்தக் கேலியை ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்ல நான் இரண்டு வருடம் அவள் பின்னால் உட்கார்ந்திருக்கத் தேவையே இல்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். இன்னும் மூன்று பக்கங்கள் அப்படித்தான் இருந்தன: ஒருவனுடைய நிறம், ஒருத்தியின் பருமன், ஒருவனுக்கு வரும் திக்கல். நான்கையும் கிழித்தேன். அன்றிலிருந்து, ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதை எழுதவே இல்லை, என்ன செய்கிறார் என்பதை மட்டும் எழுதினேன். 600க்கு எத்தனை மதிப்பெண் எடுப்பார் என்பதும் எந்தப் பக்கத்திலும் கிடையாது. சம்பந்தப்பட்டவர் தனியாகப் படித்து 'சரி' சொன்ன பிறகுதான் பென்சில் கோட்டின்மேல் மை போடுவேன்.

அவளை ஒரு வாரம் கவனித்தேன். திருப்புதல் தேர்வில் கிடைத்தாள். தேர்வு தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, நாங்கள் எல்லோரும் முதல் தாளில் மார்ஜின் அழகாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். அப்போது முன்னாலிருந்து ஒரு கை எழும்பும். "மிஸ், அடிஷனல் ஷீட்!" அந்த ஒரு குரலில் 41 பேருக்கும் வயிற்றில் புளி கரையும். சிலர் பயத்தில் எழுத்தைப் பெரிதாக்கிவிடுவார்கள். புதிய படத்தில் குனிந்த முதுகுகள் வரிசை வரிசையாக, நடுவில் கொடிக்கம்பம் போல ஒரே ஒரு கை. 'இந்தக் கை எழும்பியபோதெல்லாம் நமக்குப் பாதிப் பாடம் மறந்தது. கடைசியில் கட்டுவதற்கு நூலும் இவளே வாங்கித் தருவாள்.' படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாப் முழுக்கக் கேட்டது. கையை இன்னும் கொஞ்சம் உயரமாகப் போடச் சொன்னாள். போட்டேன்.

ஜனவரி கடைசி வாரம்

இந்த வாரம் பதினொரு பக்கம் முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்தவை மூன்று.

தவில்காரன்: அவன் வீட்டில் தாத்தா, அப்பா எல்லோரும் தவில். வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழி பிடித்துக் காலையில் சாதகம் செய்துவிட்டு வருவான். வகுப்பில் கூடும் இல்லை, கழியும் இல்லை, பெஞ்ச் மட்டும் இருக்கிறது. அவன் தோள் லேசாக ஆட ஆரம்பித்தால் இயற்பியல் சார் போர்டைப் பார்த்தபடியே, "தம்பி, தாலி கட்டி முடிச்சாச்சு, நிறுத்து" என்பார். அந்த வரியை அப்படியே போட்டுவிட்டேன்.

வேதியியல் ஆய்வகத்தில் கடைசித் துளிக்காரன்: பெர்மாங்கனேட் தரம் பார்க்கும்போது வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும். துளித்துளியாக விடும் ப்யூரெட் குழாய் முன்னால் அவன் முதுகு வில்லாக வளையும், மூச்சை அடக்குவான், பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்து அடக்குவார்கள். நிறம் வந்துவிடும். 'இன்னும் ஒரே ஒரு துளி' என்று திறப்பான். குடுவை கத்தரிப்பூ நிறமாகிவிடும். இரண்டு வருடமும் அந்த ஒரு துளியை அவனால் விட முடியவில்லை.

வகுப்பில் முதலாவதாக வருபவள்: மதிப்பெண்ணைச் சொல்லாமல் அவளைப் பற்றி என்ன எழுதுவது என்று நான்கு நாள் ஓடியது. பிறகுதான் தோன்றியது, யாராவது விடுப்பு எடுத்தால் மறுநாள் இடைவேளையில் அந்தப் பாடத்தை அந்த ஆசிரியரின் குரலிலேயே நடத்திக் காட்டுவது அவள்தான். கரிம வேதியியல் என்றால் இடுப்பில் கை, தாவரவியல் என்றால் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிடுவது. சுண்ணாம்புக்கட்டி எறிவதுகூட உண்டு. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பையன், 'அசல் வகுப்பைவிட இதுதான் புரிஞ்சுது' என்றான். அவளை மட்டும் கரும்பலகை முன் நிற்க வைத்து வரைந்தேன்.

இன்னொருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 42 பேரில் முதுகே இல்லாதவன் அவன். எங்கள் வகுப்புக் கடிகாரம் பின்சுவரில், என் தலைக்கு மேலே இருக்கிறது. கடைசிப் பாடவேளையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் திரும்பி மணி பார்ப்பான். அதனால் இந்தப் புத்தகத்தில் இருக்கும் ஒரே முகம் அவனுடையது. ஒரு மாதம் பார்த்துப் பார்த்து அந்த ஒரு முகம் மட்டும் எனக்கு நன்றாக வந்துவிட்டது.

பிப்ரவரி, 43ஆவது பக்கம்

கணக்குக்கு 42தான். ஆனால் பிளஸ் ஒன் அரையாண்டுக்குப் பிறகு ஒருவன் படிப்பை நிறுத்திவிட்டு லேத் பட்டறை வேலைக்குப் போய்விட்டான். வகுப்புத் தலைவன்தான் கேட்டான், "அவனுக்கும் ஒரு பக்கம் உண்டுல்ல?" எனக்கு அவன் முதுகு நன்றாக நினைவிருந்தது. ஜன்னலோரம் உட்காருவான், மழை வந்தால் யாரும் சொல்லாமலே எழுந்து எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு வருவான். அதை வரைந்தேன். பக்கத்தை வகுப்புத் தலைவன் கொண்டுபோய்க் காட்டினான். 'சரி' சொன்னானாம். "இப்ப யார் சாத்துறா?" என்றும் கேட்டானாம்.

இப்போது யாரும் சாத்துவதில்லை, ஓரத்தில் இருப்பவர்கள் நனைகிறார்கள். அதையும் அந்தப் பக்கத்தில் சேர்த்தேன்.

அச்சு வேலை

ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன் ஒரு பக்கம் சோதனை செய்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. பென்சில் நிழலெல்லாம் காணாமல் போய்விட்டது, நீல பால்பாயிண்ட் மங்கலாக வந்தது. கறுப்பு ஜெல் பேனாவில் போட்ட கோடு மட்டும் நன்றாக விழுந்தது. பின்னலை முழுக்கக் கறுப்பாக நிரப்பியதும் திட்டுத் திட்டாக வந்தது, அதனால் நெருக்கமான கோடுகளாக மாற்றினேன்.

ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் நான்கு பக்கம். 43 பேர், அட்டைக்கு 4, கையெழுத்துக்கு 1, மொத்தம் 48 பக்கம், 12 தாள். பக்கங்களை வரிசையாக ஒட்ட முடியாது. முதல் தாளில் 48ம் 1ம் பக்கத்தில் பக்கத்தில் வரும், அதன் பின்புறம் 2ம் 47ம். எந்தத் தாளிலும் அருகருகே வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் 49 வர வேண்டும். நடுத்தாளில் 24, 25. இதைக் காகிதத்தில் சின்னதாக மடித்து எண் போட்டுப் பார்த்த பிறகே ஒட்டினேன்.

ஏ4 தாளின் ஒரு புறத்துக்கு ஒரு ரூபாய், 12 தாளுக்கு இரு புறமும் சேர்த்து ஒரு பிரதிக்கு 24 ரூபாய். 43 பிரதிக்கு 1,032. ஆளுக்கு 25 வசூல் செய்ததில் 1,050 சேர்ந்தது. மீதி 18 ரூபாயில் ஊசியும் நூல்கண்டும். சின்ன ஸ்டேப்லர் மடிப்பின் நடுவரைக்கும் எட்டவில்லை. ஐந்து துளை போட்டு நூலால் தைத்தோம். சனிக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழு பேர் உட்கார்ந்து தைத்து முடித்தோம், அம்மா சுண்டல் செய்து கொடுத்தார்.

என்னுடைய பக்கம்

என் முதுகை நான் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் யாரும் உட்காரவும் இல்லை. இதைச் சொன்னதும் மணி பார்ப்பவன், "அதை நான் எழுதித் தர்றேன்" என்றான். மறுநாள் கொண்டுவந்தான். பெரிய வட்டமாகக் கடிகாரம், நான்கு மணி பத்து நிமிடம். அதற்குக் கீழே ஒரு நோட்டு, நோட்டுக்கு மேலே இரண்டு கண்கள். 'மணி பார்க்கத் திரும்பும்போதெல்லாம் இவள் யாரையோ வரைந்துகொண்டிருப்பாள். அடுத்த தடவை திரும்பினால் அந்த ஆள் முடிந்திருப்பான். எங்களுக்கு ஐந்து நிமிடம் போனதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.'

அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ஒட்டினேன்.

திங்கட்கிழமை பிரதிகளைக் கொடுத்தோம். அடுத்த பாடவேளை முழுவதும் யாரும் தன்னுடைய பக்கத்தைப் படிக்கவில்லை, பக்கத்தில் இருப்பவருடையதைப் படித்து அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தவில்காரன் அட்டைமேல் தாளம் போட்டதில் அவன் பிரதியில் நூல் அதற்குள் தளர்ந்துவிட்டது, திரும்பத் தைத்துக் கொடுத்தேன்.

என் பிரதியின் கையெழுத்துப் பக்கத்தில் இன்று 41 பேர் போட்டுவிட்டார்கள். ஜன்னல் பக்கம் ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வகுப்புத் தலைவனும் நானும் இன்னும் இரண்டு பேரும் லேத் பட்டறைக்குப் போகிறோம், அவனுடைய பிரதியை எடுத்துக்கொண்டு.