இரண்டாவது வெப்கேம் ஓடவில்லையா?

லினக்ஸில் ஒரே யூஎஸ்பி 2.0 ஹப்பில் இரண்டு கேமரா. முதலாவது ஓடும், இரண்டாவது "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று நின்றுவிடும். டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிழை எண் -28; பஸ்ஸில், அதாவது சாதனங்கள் பகிரும் யூஎஸ்பி பாதையில், பேண்ட்வித் (தரவு செல்ல இடம்) இல்லை.

யூஎஸ்பி 2.0 பாதையில் 125 மைக்ரோசெகண்டுக்கு 7500 பைட் போகலாம். நேரம் தவறாமல் போகவேண்டிய ஐசோக்ரோனஸ் (வீடியோ போன்றவை), இன்டரப்ட் (மவுஸ், கீபோர்டு போன்றவை) இரண்டுக்கும் சேர்த்து அதில் 80% மட்டுமே, அதாவது 6000. இரண்டு கேமராவும் ஆளுக்கு 3072 கேட்டால் 6144. இடிக்கிறது.

டிரைவர் எழுதுகிறவர்களே, எக்ஸ்ஹெச்சிஐ (புதிய வகை யூஎஸ்பி) கன்ட்ரோலரில் ஆல்ட் செட்டிங் (கேமரா எவ்வளவு பேண்ட்வித் கேட்கிறது என்பதற்கான தேர்வு) மாற்றும்போதே மறுப்பு வரும். பழைய வகையான ஈஹெச்சிஐயில் யூஆர்பி (டிரைவர் அனுப்பும் தரவுக் கோரிக்கை) அனுப்பும்போதுதான் வரும். இரண்டு இடத்திலும் சோதியுங்கள். மறுப்பு வந்தால், ஏற்கெனவே அனுப்பிய யூஆர்பிகளை நிறுத்திவிட்டு பேண்ட்வித் எதுவும் கேட்காத ஆல்ட் செட்டிங் 0-க்குத் திரும்புங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்; ஒதுக்கிய இடம் விடுபடாமல் அடுத்த முயற்சியும் தோற்கும். வெறுமனே சின்ன ஆல்ட் செட்டிங்குக்கு இறங்கினால் படம் உடையும். ரெசல்யூஷனையோ பிரேம் ரேட்டையோ குறைத்து, புரோப் (கேமராவிடம் அமைப்பைப் பேசிப் பார்ப்பது), கமிட் (அதை உறுதி செய்வது) இரண்டையும் மறுபடி செய்யவேண்டும்.

640×480 யூயுய்வி (சுருக்காத வீடியோ), வினாடிக்கு 30 பிரேமுக்கு உண்மையில் 125 மைக்ரோசெகண்டுக்கு 2304 பைட்டும் கொஞ்சம் ஹெடரும் போதும். கேமரா அதிகமாகக் கேட்டால், யூவிசிவீடியோ (லினக்ஸின் வெப்கேம் டிரைவர்) மாட்யூலை குவிர்க்ஸ் 128 (quirks=128) கொடுத்து ஏற்றுங்கள்; தேவையை டிரைவரே கணக்கிடும். சுருக்கிய வீடியோவான எம்ஜேபெக்குக்கு இது உதவாது.