தவக்காலக் குறிப்பு: குடியை விடுகிற கணக்கு

பிப்ரவரி 16, 2025, ஞாயிறு

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இன்னும் 17 நாள். "சாம்பல் பூசுன அன்னைக்கே விட்டுருவேன்" என்ற பேச்சு பாம்பன், தங்கச்சிமடம் கரையில் ஆரம்பித்துவிட்டது. என்றைக்கோ ஒருநாள் குடிப்பவர் தாராளமாக விடலாம். தினமும் குவார்ட்டரைத் தாண்டுகிறவர் சட்டென்று நிறுத்தக் கூடாது. 6 மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டிச் சிலர் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவார்கள். உயிரே போகலாம். ஆகவே இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போய், எத்தனை வருடமாக, எவ்வளவு, முன்பு வலிப்பு வந்ததா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தயமினும் (வைட்டமின் பி1), நாளுக்கு நாள் அளவு குறையும், நடுக்கத்தை அடக்கும் மாத்திரையும் டாக்டர் பார்த்துத் தருவார். மெடிக்கலில் தானாக வாங்கிப் போடுவது வேறு வினை.

பிப்ரவரி 23, ஞாயிறு

"கொஞ்சந்தான்" என்பதை அளந்து பார்க்கலாம். குவார்ட்டர் 180 மி.லி., 42.8 சதவீதம், ஏறத்தாழ 61 கிராம் ஆல்கஹால். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். இரவு பத்துக்கு முடித்தவர் விடிகாலை நாலு மணிக்குப் படகேறும்போது போதை உள்ளேதான் இருக்கிறது. மோர், கட்டங்காப்பி, தலைக்குக் குளியல் எதுவும் அதை விரட்டாது. பைபிளில் பவுல் தன் சீடர் திமொத்தேயுவுக்குச் சொன்ன "கொஞ்சம்" திராட்சை ரசம் வயிற்றுக் கோளாறுக்கு. குவார்ட்டருக்கு அவரைச் சாட்சி கூப்பிடுவது அநியாயம். இயேசு போன கானாவூர்க் கல்யாண வீட்டுத் திராட்சை ரசத்தைத் திருச்சபை பாவம் என்று சொல்லவில்லை. ஆனால் கத்தோலிக்க மறைக்கல்வி 2290ஆம் எண், குடிவெறியால் சாலையிலோ கடலிலோ பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது பெரும் குற்றம் என்கிறது. கடல் என்று பெயர் சொல்லியே!

மார்ச் 5, சாம்பல் புதன்

இன்று விட்டவர் ஒரு வாரமாவது தங்குகடலுக்கு (கடலிலேயே இரவு தங்கிப் பிடிக்கும் தொழிலுக்கு) போக வேண்டாம். வலிப்பு வருகிற இரண்டாம் ராத்திரி நடுக்கடலில் இருந்தால் 108 வராது. கரையில் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். வாயில் கரண்டி, கையில் சாவி வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரையைப் பொடித்து, ஆளுக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் வழக்கம் இருக்கிறது. தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும்; சில சமயம் ஆளே போய்விடுவார். அவர் சம்மதத்தோடு, குடித்து 12 மணி நேரமாவது கழிந்த பிறகு, டாக்டர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். இந்த மாத்திரை எடுப்பவர் நற்கருணையில் திராட்சை ரசம் வாங்க வேண்டாம். அப்பம் மட்டுமே முழு நற்கருணைதான்.

மார்ச் 23, ஞாயிறு

சாயல்குடிப் பக்கத்துப் பதனி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால்தான் அது பதனி, தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு குறைந்தாலோ, பழைய மண்டி கழுவாத கலயம் என்றாலோ இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வாங்குமுன் மேலே பாருங்கள்: ஓயாமல் நுரைத்து, மூக்கில் புளிப்பேறினால் குடியை விட்டவருக்கு அது ஆகாது.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றிலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஞாயிறன்று ஈஸ்டர். நாற்பது நாள் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. அதே குவார்ட்டர் இப்போது ஆளைச் சாய்க்கும். நிவாரணப் பணம் ஏறுகிற வாரம் ஏடிஎம் கார்டு வீட்டுக்காரம்மாவிடமே இருக்கட்டும். வலை பொத்துகிற இடத்தில் "ஒரு கட்டிங் மாப்ளே" என்பவர் பக்கத்தில் உட்கார வேண்டாம்.