படுத்தால் ஒரு கண், எழுந்தால் ஒரு கண்

லாஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது இமைமுடியில் செயற்கை முடி ஒட்டி நீட்டும் வேலை, பழக ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதமும் பயிற்சிப் பொம்மையின் தலையோடுதான். ஒரு கையில் இருக்கும் ட்வீசரால் ஒற்றை இமைமுடியைப் பிரித்து நிறுத்த வேண்டும். மறுகை ட்வீசரால் செயற்கை முடியை எடுத்து, அடியைப் பசையில் தொட்டு, அந்த ஒற்றை முடியின் மேல் படுக்கவைக்க வேண்டும். அதுவும் இமைத்தோலைத் தொடாமல், அரை மில்லிமீட்டராவது தள்ளி. இரண்டு கையும் ஒத்துப்போகவே அவ்வளவு நாள் பிடித்தது. பொம்மையிடம் ஒரு வசதி, அது கண்ணைத் திறக்காது. அதனாலேயே அது எனக்குப் பாதிப் பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தது.

மனிதக் கண்ணில் முதலில் மாட்டியவர் சித்தி. பசை சயனோஅக்ரிலேட் வகை, ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இமை வீங்கிவிடும். அதனால் இரண்டு நாள் முன்பே நாலைந்து முடி மட்டும் ஒட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. சரி என்று படுக்கவைத்து, கண்ணுக்குக் கீழே ஜெல் பேட் ஒட்டி, அதன் மேல் மேப் வரைந்தேன். மேப் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பேடில் ஐந்தாறு கோடு இழுத்து, எந்தப் பகுதிக்கு எத்தனை மில்லிமீட்டர் முடி என்று எழுதிக்கொள்வதுதான்.

படுத்திருந்த சித்தியின் கண் நல்ல மீன் வடிவமாகத் தெரிந்தது. கேட் ஐ போடலாம் என்றேன். "எனக்கு எதுக்குடி பூனைக்கண்?" என்று பதறினார். கண்ணின் நிறம் மாறாது சித்தி, முடியின் நீளம்தான் மூக்குப் பக்கமிருந்து வெளியோரம் வரை ஏறிக்கொண்டே போகும் என்று சமாதானம் சொன்னேன். 8, 9, 10, 11, கடைசியில் 12. முடியின் வளைவு எல்லாமே சி, மிதமாகச் சுருண்ட வகை.

இரண்டரை மணி நேரம். எழுந்து உட்கார்ந்தவரைத் தங்கச்சி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அம்மா, தூக்கம் வருதா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. இரண்டு கண்ணும் ஓரத்தில் தொங்கிப்போய், அழுது முடித்தவர் மாதிரி இருந்தார்.

படுத்தால் முகத்தோல் காதுப் பக்கம் தளர்ந்துவிடுகிறது. கண்ணின் வெளியோரமும் கூடவே கொஞ்சம் இழுபட்டு மேலே ஏறிக்கொள்கிறது. எழுந்தால் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். சித்தியின் கண் உண்மையில் வெளியோரம் சரிந்த கண். சரிவின் முனையிலேயே ஆக நீளமான முடியை வைத்தால், சரிவு இன்னும் நீண்டு தெரியாமல் என்ன செய்யும்? போதாததற்கு, வெளியோரத்தில் சொந்த முடியே குட்டையாகவும் மெலிதாகவும்தான் இருக்கும். சொந்த முடியைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளம் போனால் பாரம் தாங்காது. 12 அங்கே ஏறியிருக்கவே கூடாது.

மறுநாள் ஓரத்தில் இருந்ததை மட்டும் க்ரீம் ரிமூவர் வைத்துக் கழற்றினேன். இந்த முறை சித்தியை முதலில் உட்காரவைத்தேன். நேராகப் பார்க்கச் சொல்லி, கருவிழிக்கு நேர் மேலே இமையில் வெள்ளைப் பென்சிலால் ஒரு புள்ளி. புருவம் உயர்ந்து வளையும் இடத்துக்கு நேர் கீழே இன்னொரு புள்ளி. அப்புறம்தான் படுக்கச் சொன்னேன். உச்ச நீளமான 11 இரண்டாவது புள்ளியில் நின்றது. அதைத் தாண்டி வெளியோரம் போகப் போக 10, 9, கடைசியில் 8. அந்த ஓரத்துக்கு மட்டும் வளைவைச் சியிலிருந்து அதைவிடச் சுருண்ட டிக்கு மாற்றினேன், முனை மேலே எழும்பி நிற்பதற்காக. ஸ்குவிரல் மேப், அதாவது அணில் மேப், என்கிறார்கள் இதை. பூனையில் ஆரம்பித்து அணிலில் வந்து நின்றாயா என்று சித்தி கேட்டார். ஆனால் கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

அடுத்தது என் தோழி. கண்ணைத் திறந்தால் மேலிமையின் மடிப்பு இறங்கி வந்து முடியின் அடிப்பகுதியை மூடிவிடும். ஹூடட் என்பது இதைத்தான். இப்படிப்பட்ட கண்ணில் டி வளைவு முடி சுருண்டு போய் மடிப்பிலேயே இடித்துக்கொள்கிறது, பாதி முடி காணாமல் போகிறது. எல் வளைவு கைகொடுத்தது. அதன் அடி கொஞ்ச தூரம் நேராக ஓடி, மடிப்பைத் தாண்டி வெளியே வந்த பிறகு சட்டென்று மேலே திரும்பும். நேராகக் கீழே பார்த்து வளரும் முடிக்கும் அது நன்றாகப் பிடிக்கிறது.

அவளுக்கு இடது கண்ணில் மடிப்பு கூடுதலாக இறங்கும். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை, இமைக்குப் புள்ளி வைக்கும்போதுதான் தெரிந்தது. ஒரே மேப்பை இரண்டு கண்ணுக்கும் வரைந்திருந்தால் இடது கண் சின்னதாகத்தான் தெரிந்திருக்கும். இடது கண்ணின் நடுப்பகுதிக்கு மட்டும் ஒரு மில்லிமீட்டர் கூட்டினேன். அளவு சமம் இல்லை, பார்வைக்குச் சமம்.

உருண்டைக் கண்ணுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. தங்கச்சிக்குக் கேட் ஐ போட்டேன், கண் கொஞ்சம் நீண்டு தெரிந்தது, அவ்வளவுதான். நடுவில் உச்சம் வைக்கும் டால் ஐதான் வேண்டும் என்று முதலில் அடம்பிடித்தாள். ஏற்கெனவே உருண்டையான கண்ணை அது இன்னும் உருட்டிக் காட்டும், எப்போதும் திகைத்துப்போனவள் மாதிரி இருப்பாய் என்று நான்தான் தடுத்தேன். அப்படித் திகைத்த முகம்தான் பிடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால் போட்டுவிட வேண்டியதுதான். கண் அவர்களுடையது.

கண் வடிவத்துக்கு இந்த ஸ்டைல் என்று போடும் அட்டவணைகளை நானும் மனப்பாடம் செய்தவள்தான். அதில் வரைந்திருக்கும் கண்கள் எல்லாம் திறந்த கண்கள், நாம் வேலை செய்வது மூடிய கண்ணில். இப்போது என் நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். உட்கார்ந்து எடுத்த படம், படுத்து எடுத்த படம், இரண்டு கண்ணுக்கும் தனித்தனி மேப்.

சித்திக்கு நேற்றோடு மூன்று வாரம். சொந்த முடி உதிரும்போது ஒட்டியதும் கூடவே போகும் என்பதால் அங்கங்கே இடைவெளி விழுந்திருக்கிறது, வலது கண்ணில் கொஞ்சம் அதிகம். அவர் அந்தப் பக்கம் சாய்ந்து தூங்குபவர். விட்டுப்போன இடங்களைச் சனிக்கிழமை நிரப்ப வேண்டும். அண்ணியும் வரிசையில் நிற்கிறார், குழிந்த கண் அவருக்கு. மேப் இன்னும் வரையவில்லை. உட்காரவைத்துப் படம் மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.